மலைக்குச் சாமை சுமந்தவன்

இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கிவிட்ட ஆணைவிட ஒரு குடும்பத்துக்கு ஆபத்தான பிராணி கிடையாது. இறங்கும்வரை அவன் சாது. கொடுத்ததைத் தின்பான், மாத்திரையைத் தேடுவான், அடங்கி இருப்பான். இறங்கிவிட்டால் போதும், ஊரையே திருத்தக் கிளம்பிவிடுவான்.

நான் கிளம்பியபோது என் மகள் யாழினிக்கு மூன்று வயது. இப்போது பத்தாம் வகுப்பு. செங்கத்தில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். (இப்போதும் அதே நிலையம், அதே வரலாறு.) சிறுதானியம் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஏழெட்டு படித்தேன், வீடியோக்கள் வேறு. வீட்டில் அரிசி மூட்டை காணாமல் போனது. தினை உப்புமா, வரகு தோசை, குதிரைவாலிப் பொங்கல் என்று நானே சமைத்தேன். என் மனைவி மஞ்சுளா அரசு மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணியைக் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். அங்கே இட்லி கிடைக்கும்.

மஞ்சுளா ஜவ்வாது மலைக்காரி. அப்பா இல்லாத வீட்டில் அவளை நர்சிங் வரை படிக்க வைத்தவர் அண்ணன் வேடியப்பன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவர் சண்டைக்கு வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டார். தங்கை போன் செய்தால் எடுத்து, "நல்லாக்கிறியா" என்று கேட்டு வைத்துவிடுவார். என்னிடம் அதுவும் கிடையாது. ஐந்து வருடமாக நான் அவருக்குக் காற்று.

யாழினிக்கு மலையில் அவர்கள் ஊர்க் கோயிலில் காது குத்துவது என்று மஞ்சுளா முடிவு செய்தாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அவர் சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: மடியில் உட்கார வைப்பேன், தோடு போடுவேன், வந்துவிடுவேன். கை நனைக்க மாட்டேன்.

"அவரு நம்ம எலையில ஒரு வாய் துன்னுட்டா போதுங்க," என்றாள் மஞ்சுளா. "அப்புறம் பகை இல்லன்னு அர்த்தம். அதுக்குத்தான் இவ்ளோ செலவு பண்ணி மேல போறோம். பிரியாணி போட்டுடலாம். எங்கண்ணனுக்கு பிரியாணின்னா உசுரு."

"மலையில் போய் பிரியாணியா?" என்றேன். பிறகு சுமார் அரை மணி நேரம் பேசினேன். மண், மரபு, நார்ச்சத்து. சாமைப் பொங்கல்தான், அதையும் என் கையாலேயே செய்வேன் என்று முடித்தேன்.

அவள் குழந்தைக்குச் சட்டை மடித்துக்கொண்டே கேட்டாள். "சாமைய தெனம் துன்னு அலுத்துப் போய்தான் நாங்க நெல்லுச் சோத்துக்கு ஏங்கினோம். விருந்துன்னு கூப்ட்டு மறுபடி அதையே போட்டா எங்க சனம் இன்னா நெனைக்கும்?"

"பெருமைப்படும்."

"செய்ங்க. ஆனா எங்கண்ணன் எலையில உக்காந்து துன்னாம எழுந்து போய்ட்டாருன்னு வைங்க, அப்புறம் அவரு பேசாதது உங்களுக்குப் பழகிடுச்சி. நானும் பேச மாட்டேன்."

சாமை விளைகிற மலைக்கு, செங்கத்துக் கடையிலிருந்து சாமை வாங்கிக்கொண்டு போன முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். கடையில் இரண்டு மூட்டை இருந்தது. ஒன்று வெளிறிக் கிடந்தது. இன்னொன்று பழுப்பாக, மினுமினுப்பாக, பார்த்தாலே ஆரோக்கியம்.

"இது உமி எடுத்தது சார், சோத்துக்கு," என்று வெளிறியதைக் காட்டினார் கடைக்காரர்.

"எதையும் எடுக்காததுதான் வேணும்."

"லவ் பேர்ட்ஸ் வளக்கிறீங்களா?"

"இல்லை. விருந்து."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எடை போட்டார். வாடிக்கையாளரிடம் வாதாடுகிற வியாபாரி இல்லை அவர். (தீட்டாத அரிசி வேறு, உமியே நீக்காத தானியம் வேறு என்று நான் படித்த ஏழெட்டு புத்தகத்திலும் இருந்திருக்கும். நான் அந்தப் பக்கங்களில் அடிக்கோடு போடவில்லை.)

காதுகுத்து நாளன்று கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டினேன். மஞ்சுளா குழந்தையின் மொட்டை, குளியல், பூசை என்று கோயிலில் இருந்தாள். உதவ வந்த பெண்களை, "நீங்கள் இன்று விருந்தாளிகள்" என்று சொல்லித் துரத்தினேன். சாம்பாரை மட்டும் தனி அடுப்பில் அவர்களே வைத்துக்கொண்டார்கள். இரவெல்லாம் ஊறவைத்த சாமை ஒரு மணி நேரம் கொதித்தும் அண்டாவில் அப்படியே நீந்திக்கொண்டிருந்தது. நார்ச்சத்து அதிகம் என்று மகிழ்ந்தேன். ருசி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். தொண்டையில் ஏதோ கீறியது. பல மாதங்களாக நான் சாப்பிட்டுவந்த எல்லாமே ஏதாவது ஒரு வகையில் கீறிக்கொண்டுதான் இருந்தது. நெய்யும் மிளகும் கூடப் போட்டேன்.

காது குத்து நன்றாக நடந்தது. யாழினி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். வேடியப்பன் அவள் மொட்டைத் தலையை முகத்தோடு அணைத்துக்கொண்டார். தோடு போட்டு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினார்.

மஞ்சுளா வழியில் போய் நின்றாள். "அண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். முப்பது நாற்பது பேர். மஞ்சுளா சாம்பார் வாளியோடு பின்னால் நின்றாள்.

நான் பொங்கல் பரிமாறினேன்.

"பிரியாணின்னாங்க," என்றார் ஓரத்தில் ஒரு பெரியவர், யாரிடமும் இல்லாமல்.

முதல் கவளம் எல்லோர் வாய்க்கும் ஒரே நேரத்தில் போனது. அதோடு பந்தி நின்றது. மெல்லவில்லை, விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. பிறந்ததிலிருந்து சாமை விதைத்து, அறுத்து, குத்தித் தின்ற நாற்பது பேர் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கண்களும் வேடியப்பன் மேல் இருந்தன. அவர் துப்பினால் சாப்பாட்டோடு சம்பந்தமும் போகும். அவர் துப்பாமல் இவர்கள் துப்ப முடியாது. எனக்கு அப்போதும் புரியவில்லை. ருசித்துச் சாப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கரண்டியோடு குனிந்தேன்.

வேடியப்பன் திரும்பித் தங்கையைப் பார்த்தார். தண்ணீரை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. (பாசம் என்று நினைத்தேன்.) இன்னொரு வாய் எடுத்தார். அதையும் விழுங்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள."

ஐந்து வருடத்தில் முதல் வார்த்தை.

"உங்ககிட்ட பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். இனிமேலும் பேசாம இருந்தா என் சனத்துக்குத் தொண்ட கிழிஞ்சிரும். இது உமி குத்தவே இல்லியா?"

"தீட்டாததுங்க மச்சான். நார்ச்சத்து."

"இது நார்ச்சத்து இல்ல மாப்ள, உமி. இதப் போட்டா எங்க மாடே யோசன பண்ணும்."

பந்தி மொத்தமும் எழுந்து வெளியே ஓடியது. துப்புகிற சத்தம் நின்றதும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. மஞ்சுளா மட்டும் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். நான் அவளருகே போகப் பயந்து அண்டாவுக்குப் பின்னால் நின்றேன்.

வேடியப்பன்தான் போனார். "அழுவாத. ரெண்டு வாய் முழுங்கிட்டேன். துன்னலன்னு இனி ஒருத்தனும் சொல்ல முடியாது. வா, வூட்ல உங்க அண்ணி கோழி கொழம்பு வச்சிருக்கா. எல்லாரையும் இட்டுகினு வா."

"எல்லாரும் வந்தா பத்தாதுண்ணா."

"பத்தலன்னா அவங்கவங்க வூட்ல இருக்கிறத எடுத்தாரட்டும். மாப்ள வச்ச விருந்து, ஊரே சேந்தாத்தான் முடியும்."

அன்று என் மகளின் காதுகுத்து விருந்து வேடியப்பன் வீட்டு முற்றத்தில் நடந்தது. ஒருவர் வீட்டு நெல்லுச் சோறு, இன்னொருவர் வீட்டுக் களி, மூன்று வகைக் குழம்பு, யாரோ கொண்டுவந்த புளிச்சட்னி. நடுவே ஒரு சட்டியில், குத்திப் புடைத்து ஆக்கிய சாமைச் சோறு. அதில் கோழிக் குழம்பை ஊற்றி மச்சானே என் இலையில் வைத்தார். பஞ்சு போல இருந்தது. சாமையைப் பற்றி அத்தனை பேசிய நான் சாமையைச் சாப்பிட்டது அன்றுதான். நான் ஆக்கிய பொங்கலை ஊர்க்கோழிகள் தின்றன. இரண்டாம் முறை கேட்டு வந்தவை அவைதான்.

பல நாள் கழித்து யோசித்தபோது ஒன்று தோன்றியது. நான் அன்று சரியான சாமையை வாங்கியிருந்தால், அல்லது மஞ்சுளா சொன்னபடி பிரியாணியே போட்டிருந்தால், மச்சான் தங்கைக்காக நான்கு வாய் சாப்பிட்டு, கை கழுவி, தலையசைத்துவிட்டுப் போயிருப்பார். என்னிடம் பேசியிருக்க மாட்டார். அவர் கோபத்தைவிடப் பெரிய ஒன்றை நான் அவர் வாயில் வைத்ததால்தான் அதைத் திறந்தார். அந்தச் செங்கத்துக் கடைக்காரருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

இப்போது அறுவடை முடிந்ததும் மச்சானே சாமையோடு கீழே வருவார். எங்கள் வீட்டில் அது தினப்படிச் சாப்பாடு. அவர் வீட்டுப் பிள்ளைகள் செங்கம் வந்தால் ஃப்ரைடு ரைஸ்தான் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை, வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் யாழினியின் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதைக்கு ஒரு தட்டில் வாழைப்பழம் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பெண் கையை நீட்டினாள். யாழினி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"பாத்துடி. எங்கப்பா அதத் தோலோட துன்னச் சொல்வாரு."

உள்ளே மஞ்சுளா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ஒரு பழத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படியாக, நிதானமாக உரித்தேன்.