மணமேடையில் காரணம் சார்

எமன் எருமையோடு வாசலில் வந்து நின்றாலும், "வந்த காரணத்தை எழுதிக் கொடுங்க, இன்வார்டு போட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகக்கூடிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, காரணம் சார்தான். எமனும் எழுதிக் கொடுத்திருப்பான். முதல் தடவை எழுதியது திரும்பி வந்திருக்கும்.

முடிச்சூர் பக்கம் என் மனைவி தமிழாசிரியையாக இருந்த பள்ளியில் அவர் ஆபீஸ் கிளார்க். பெயர் ஏதோ ஒரு பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஒல்லி உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா. லீவு லெட்டர் எது வந்தாலும் தேதியிலிருந்து கையெழுத்து வரை படிப்பார். பிறகு நிமிர்ந்து, "காரணம்?" என்பார். எழுதியிருக்கிறதே என்று காட்டினால், "இது காரணமில்ல, சாக்கு" என்பார்.

'சொந்த வேலை' என்று எழுதிய பி.டி. மாஸ்டரின் லெட்டர் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை மாஸ்டர் வெறுத்துப்போய், 'மச்சினி நிச்சயதார்த்தம், மட்டன் பிரியாணி' என்று எழுதினார். அந்த நிமிடமே சாங்ஷன். 'பிரியாணி'க்குக் கீழே சிவப்புக் கோடு வேறு. என்ன சந்தேகமோ, தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அந்த வருட மழையில் ஊருக்குள் வெள்ளத் தண்ணீர் வந்தது.

நாங்கள் இரண்டாவது மாடி. எங்களுக்கு நஷ்டம் வாசலில் விட்டிருந்த ஒரு ஜோடி செருப்பு மட்டும். பள்ளியின் தரைத்தளம் முழங்கால் அளவு சேறு. பிள்ளைகளில் பாதிப்பேர், ஆசிரியர்களில் சிலர், வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபக்காரர் மண்டபத்தைக் கொடுத்தார். பள்ளி அங்கே போனது. பத்திரிகையில் உதவி ஆசிரியரான எனக்கு மாலை ஷிஃப்ட். "காலைல சும்மாத்தான இருக்கீங்க, வண்டி வேற இருக்கு" என்று என் மனைவி என்னையும் அங்கே அனுப்பிவிட்டாள்.

சின்ன வகுப்புகள் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தன. பத்தாம் வகுப்பு மணமகன் அறையில். பிளஸ் டூ, மணமகள் அறையில், ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே. படிப்பு எவ்வளவு நடந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆபீஸுக்கு இடம் இல்லை. காரணம் சார் மேசையை மணமேடையில் போட்டார். அங்கே சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் இரண்டு இருந்தன. ஒன்றில் அவர். இன்னொன்றில், வேறு நாற்காலி இல்லாத காரணத்தால், ஹெச்.எம். மேடம். பின்னால் யாரோ கழற்ற மறந்த தெர்மாகோல் இதயம்.

அங்கிருந்தபடியே முதல் அறிவிப்பு வந்தது: திரும்பி வரும் ஒவ்வொருவரும் வராத நாட்களுக்கு லீவு லெட்டர் கொடுக்க வேண்டும்.

ஹெச்.எம். மேடம் ஆடிப்போனார். "சார், ஊரே முங்கிப் போச்சு. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"இருக்கு மேடம். ரெஜிஸ்டரும் இருக்கு."

மறுநாள் மேடைக்குக் கீழே வரிசை நின்றது. கையில் காகிதத்தோடு ஒவ்வொருவராகப் படியேறி, இரண்டு சிம்மாசனங்களுக்கு முன்னால் நின்று, நீட்டிவிட்டு, அந்தப் பக்கமாக இறங்கிப் போனார்கள். மொய்க் கவரும் வீடியோக்காரரும்தான் குறை.

தன் பெண்ணைக் கொண்டுவந்து விட்ட ஓர் ஆட்டோக்காரர் மேடையேறியே சண்டை போட்டார்.

"இன்னா சார் நீ? வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி பூந்துச்சு. ரேஷன் கார்டு, ஆர்.சி. புக்கு எல்லாம் அட்ச்சிகினு போச்சு. நீ லெட்ரு கேட்டுகினு கீற?"

"அதையே எழுதுங்க. ஆர்.சி. புக்கையும் சேர்த்து. கையெழுத்து மறந்துடாதீங்க."

ஆட்டோக்காரர் மண்டபத்தில் இருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் பேனா கேட்டார்.

பிள்ளைகளின் லெட்டர்களைப் பிரித்து அடுக்கும் வேலை என்னுடையது. பத்துப் பதினைந்து படித்ததும் எனக்கே நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. அத்தனை பேரும், ஒருவர் விடாமல், 'எனக்குக் காய்ச்சலாக இருந்தபடியால்' என்று எழுதியிருந்தார்கள். வீடு மூழ்கியவன், மொட்டைமாடியில் இரண்டு நாள் இருந்தவள், படகில் ஏறி வந்தவன், எல்லோருக்கும் காய்ச்சல்.

காரணம் சார் பிளஸ் டூ ரம்யாவைக் கூப்பிட்டார். "உனக்குக் காய்ச்சலா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் எழுதின?"

"லீவு லெட்டர்னா காய்ச்சல்தான சார் எழுதணும்? மூணாங்கிளாஸ்லேர்ந்து அதான சொல்லிக் குடுத்தாங்க."

என் மனைவி அவசரமாக எங்கோ பார்த்தாள். கடிதம் எழுதச் சொல்லித்தரும் தமிழ் இரண்டாம் தாள் அவள் பொறுப்பு.

எல்லா லெட்டரும் திரும்பிப் போயின. "என்ன நடந்துச்சோ அதை எழுது. இப்ப எங்க தங்கியிருக்கன்னும் எழுது." ரம்யாவின் இரண்டாவது லெட்டர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'தண்ணீர் வந்தது. பீரோ மிதந்தது. ஊரப்பாக்கத்தில் சித்தி வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம். யூனிஃபார்ம் ஒன்றுதான் மிஞ்சியது. நேற்று அது காயாததால் வரவில்லை.' இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதை வெட்டிப் பிழைக்கிறவன் நான். அதில் வெட்ட ஒரு சொல் இல்லை.

காரணம் சார் 'யூனிஃபார்ம்' என்பதன் கீழ் கோடு போட்டார். அடுத்த லெட்டரில் 'மாத்திரை'. அதற்கடுத்ததில் 'மூக்குக் கண்ணாடி'. மதியத்துக்குள் கோடு போட்ட சொற்கள் ஒரு பட்டியலாகி, விலாசங்களோடு என் கைக்கு வந்தன. "வண்டி இருக்கில்ல? வாங்கிக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றார். நல்ல மனிதர் போலிருக்கிறதே என்று நான் நினைத்து முடிப்பதற்குள், "நீங்க இன்னிக்குப் பத்து நிமிஷம் லேட்டு. லெட்டர் வரல" என்றார்.

இரண்டாவது வாரம் ஜெஸி மிஸ் வந்தார். பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவர். முடிச்சூரில் அவர் வீட்டுத் தரைத்தளம் சுவர்க் கடிகாரம் வரை முழுகியிருந்தது. நாவலூரில் அக்காவின் ஃப்ளாட்டில் இருந்தார். கையில் ராஜினாமாக் கடிதம். செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. விலங்கியலுக்கு வேறு ஆள் கிடையாது. ஹெச்.எம். மேடம் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் சார் படித்தார். "'சொந்தக் காரணங்களால்.' காரணம்?"

மிஸ் அங்கேயே நின்று வேறொன்று எழுதினார். 'உடல்நிலை சரியில்லாததால்.'

"காய்ச்சலா?"

மூன்றாவது, 'குடும்பச் சூழ்நிலை.' சிவப்புப் பேனா கீழே இறங்கியதுமே மிஸ் வெடித்துவிட்டார். மேடை என்பதால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ன சார் வேணும் உங்களுக்கு? பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டு அத்தனையும் எங்க வீட்ல இருந்துச்சு சார்! வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு தெரியும். திருத்தி முடிச்சுடலாம்னு எடுத்துட்டுப் போயிட்டேன். எல்லாம் கூழாயிடுச்சு. ஒரு வருஷமா புள்ளைங்க வரைஞ்சது. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்தக் கிளாஸ்ல போய் நிப்பேன்?"

காரணம் சார் புதுக் காகிதம் ஒன்றை நகர்த்தி வைத்தார்.

"இதை எழுதுங்க மிஸ்."

அழுதுகொண்டே எழுதினார். சார் முழுவதும் படித்தார். 'ராஜினாமா' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்து, மேலே 'விடுப்பு' என்று எழுதினார். "இவ்வளவு நாள் வராததுக்கு இது சரியான காரணம். வேலைய விடறதுக்கு இது காரணமே இல்ல." ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஓங்கிக் குத்தினார். "மணமகள் ரூம்ல வெயிட் பண்றாங்க. போங்க."

மிஸ் போய் எல்லாவற்றையும் சொன்னார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரம்யா எழுந்தாள்.

"மிஸ், என் ரெக்கார்டுல ஆறு படம் போடவே இல்ல மிஸ். நீங்க பாக்குறதுக்குள்ள தண்ணி வந்துச்சே! கடவுள் இருக்காரு மிஸ்."

எனக்கும் நாலு, எனக்கும் ஏழு என்று குரல்கள் கிளம்பின. மூழ்கியதில் பாதிதான் ரெக்கார்டு, மீதி வெறும் நோட்டு என்று தெரிந்ததும் ஜெஸி மிஸ்ஸுக்கு வந்த கோபத்தில், ராஜினாமாவை அவரே மறந்துவிட்டார்.

அடுத்த மூன்று வாரம் சாப்பாட்டு மேசைகளில் ரெக்கார்டுப் பந்தி நடந்தது. படம் பிள்ளைகள்தான் வரைய வேண்டும் என்பது காரணம் சாரின் உத்தரவு. ஓரக்கோடு போடுவது, பென்சில் சீவுவது, எஞ்சிய ஒரே பாடப்புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பது எங்களுக்கு. மாதிரிக்கு என்று பி.டி. மாஸ்டர் கரும்பலகையில் போட்ட மனித இதயம், காற்றிறங்கிய ஃபுட்பால் மாதிரி இருந்தது. "மிஸ், அதுக்கு மேடைல இருக்கிற தெர்மாகோலையே பாத்து வரையட்டா?" என்றாள் ரம்யா. வெள்ளத்துக்குப் பிறகு ஜெஸி மிஸ் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வர முடியாத பிள்ளைகளுக்கு, லெட்டரில் இருந்த விலாசம் பார்த்து, நோட்டுகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "ஏன் எல்லா நோட்டும் புதுசா இருக்கு?" என்று கேட்டார். காரணம் சார் அந்தக் கேள்விக்காகத்தான் பிறந்தவர் போல, நடந்ததை எழுதித் தயாராக வைத்திருந்த அரைப் பக்கக் கடிதத்தை நீட்டினார். எல்லோரும் தேறினார்கள்.

ஓய்வு பெற்ற நாளில் காரணம் சார் ஜெஸி மிஸ்ஸுக்கு ஓர் உறை கொடுத்தார். உள்ளே அந்த முதல் மூன்று கடிதங்கள். மூன்றிலும் சிவப்பு மையில் ஒரே வரி: 'காரணம் உண்மையல்ல. திருத்தி எழுதவும்.' மிஸ் இன்னும் அதே வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறார். ரெக்கார்டு நோட்டுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

சார் இப்போது நாவலூரில், மகனுடைய ஃப்ளாட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஃப்ளாட் எண், கடைசியில் 'வந்த காரணம்'. எனக்கு மேலே எழுதியிருந்த எல்லோரும் 'பர்சனல்' என்று போட்டிருந்தார்கள். நானும் கை போன போக்கில் அதையே எழுதினேன்.

இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதை அடித்தேன். பக்கத்தில், 'பார்க்க வேண்டும் போல இருந்தது' என்று எழுதிவிட்டு லிஃப்டில் ஏறினேன்.