பாய்லர் ஐயாவின் சொற்பொழிவு

மேல்மாடி வார்டில் அத்தனை நோயாளிகளும் அயர்ந்து தூங்கினார்கள் என்று கேட்டதும் நிகழ்ச்சி அலுவலர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

“ஒருத்தர்கூட முழிச்சுக்கலையா சிஸ்டர்?”

“ஊசி போட எழுப்பினோம். கையை நீட்டினாங்க, போட்டுக்கிட்டாங்க, மறுபடியும் குறட்டை” என்றார் தலைமைச் செவிலியர்.

“கீழ் வார்டு?”

“அதை ஏன் கேக்குறீங்க! நீங்க ஏற்பாடு பண்ணின பாட்டைக் கேட்டுட்டு வந்து ஜன்னலோரத்துக்காரர் பாட ஆரம்பிச்சார். அது தப்புன்னு பக்கத்துப் படுக்கைக்காரர் பாடிக் காட்டினார். ரெண்டுமே தப்புன்னு எதிர்ப்படுக்கை. எனக்குத்தான் தலைவலி மாத்திரை தேவைப்பட்டுது.”

வேறு எந்த மருத்துவமனையிலும் நோயாளிகள் தூங்குவது நற்செய்தியாகவே கொள்ளப்படும். இதுவோ ஆராய்ச்சி மருத்துவமனை. யார் தூங்கினார்கள் என்று தெரியாமல் இங்கே எவரும் மகிழ்ச்சி அடைவதில்லை.

அலுவலரின் பணி, மருத்துவமனையின் கலையரங்கில் இசை, நாடகம், ஓவியக் கண்காட்சி, பொதுமக்களுக்கான மருத்துவ உரை ஆகியவற்றை நடத்துவது. வந்தவர்களைவிட நாற்காலிகளே எப்போதும் அதிகமாக இருந்தன. ஆகவே நிர்வாகம் அரங்கில் புதிய ஸ்கேன் இயந்திரத்தையும், சலவைப் பிரிவில் அலுவலரையும் நிறுத்த எண்ணியிருந்தது. அந்த நேரத்தில்தான் தூக்கத்தைப் பற்றி ஆராயும் பெண் மருத்துவர் ஒரு யோசனையுடன் வந்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சவங்க தூக்கம் வராம தவிக்கிறாங்க. நிகழ்ச்சி கேட்டா தூக்கம் வருதான்னு சோதிச்சுப் பாப்போம். கீழ் வார்டுக்கு அரங்கத்துல பாட்டு. மேல் வார்டுக்கு மாடிக் கூடத்துல சொற்பொழிவு. பேசுறதுக்கு நானே ஆள் அனுப்புறேன். சோதனை ஜெயிச்சா அரங்கம் உங்களுக்கு. தோத்தா ஸ்கேனுக்கு.”

“ரெண்டு எதுக்கு டாக்டர்?”

“ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட வேண்டாமா? அதுக்கு மேல கேக்காதீங்க. நடத்துறவருக்கு விஷயம் தெரிஞ்சா முடிவு கெட்டுப்போயிடும்.”

அலுவலர் கேட்கவில்லை. கேட்காமலேயே அனைத்தையும் புரிந்துகொண்டதாக அவர் நம்பினார். பாட்டுத்தான் மருந்து. சொற்பொழிவு, ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்படும் வெறும் மாவு மாத்திரை. பாட்டுக் கேட்டவர்கள் தூங்க வேண்டும். பேச்சுக் கேட்டவர்கள் விழித்திருக்க வேண்டும். முதல் நாளே எல்லாம் தலைகீழாக நடந்திருந்தது.

சொற்பொழிவாளர், ஓர் ஆலையில் கொதிகலன் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊழியர்கள் அவருக்குப் ‘பாய்லர் ஐயா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கொதிகலனின் உட்சுவரில் படியும் உப்பைப் பற்றி அவர் பேசினார். எந்த வாக்கியத்தையும் அவர் பாதியில் விட்டதில்லை. எதையும் விரைவில் முடித்ததுமில்லை.

அன்று மாலை அலுவலர் அவரை மாடிப்படியில் மடக்கினார்.

“ஐயா, பேச்சு பிரமாதம். கொஞ்சம் விறுவிறுப்பு சேர்த்தா இன்னும் நல்லாருக்கும்.”

“விறுவிறுப்புன்னா என்ன தம்பி?”

“நடுவுல ஒரு ஜோக் சொல்லுங்களேன்.”

“ஒண்ணு தெரியும்” என்றார் பாய்லர் ஐயா, சற்று யோசித்து. “ஆனா அதுக்கு முன்கதை சொல்லணும்.”

அன்றிரவுக் கூட்டத்தில் அதைச் சொன்னார். நகைச்சுவையில் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் எந்தெந்த ஆலையில் பணியாற்றினார்கள், எப்போது பதவி உயர்ந்தார்கள் என்பதையெல்லாம் முறையாக விளக்கினார். இறுதியில், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், அதற்குக் காரணம் என்ன என்பதையும் விளக்கினார். காரணம் முடிவதற்குள் முன்வரிசைத் தலைகள் மார்பில் சாய்ந்திருந்தன.

கீழே அரங்கில், அலுவலரின் ஏற்பாட்டின்படி பாடகர் தாலாட்டுப் பாடினார். நோயாளிகள் நெகிழ்ந்துபோனார்கள்.

“நெகிழ்ந்துட்டு சும்மா இருந்தாங்களா?” என்று மறுநாள் காலையில் தலைமைச் செவிலியர் பொரிந்தார். “ஒரு அம்மா பேரப்பிள்ளை ஞாபகம் வந்து போன் போட்டாங்க. அதைப் பாத்து மொத்த வார்டும் போன் போட்டுது. எதிர்முனைல எழுந்தவங்களையும் சேர்த்தா பாதி ஊர் தூங்கல!”

“மேல?”

“செத்த பிணம் மாதிரி. சேச்சே, ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லக்கூடாது. கொழந்தைங்க மாதிரி.”

அலுவலர் நாற்காலிகளில் கவனம் செலுத்தினார். மாடிக் கூடத்து மெத்தை நாற்காலிகளை அகற்றிவிட்டு மரப்பலகைகளைப் போடச் செய்தார். உடம்பு வலித்தால் உறக்கம் வராது என்பது அவர் கணக்கு. தலைமைச் செவிலியர் வந்து பார்த்தார்.

“தையல் பிரிக்காதவங்களை இந்தக் கட்டையிலயா உக்கார வைக்கிறீங்க? உங்களுக்கு மனசுங்கிறது இருக்கா?”

அவர் நோயாளிகளைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர்கள் சொற்பொழிவைப் படுத்துக்கொண்டே, போர்வையுடன் கேட்டார்கள்.

கீழே பாட்டை நிறுத்திப் புல்லாங்குழலுக்கு மாறினார் அலுவலர். அமைதி கெடக்கூடாது என்பதற்காக, யாரும் கைதட்டக் கூடாது என்று அறிவித்தார். இதைக் குழல் கலைஞரிடம் சொல்ல மறந்துவிட்டார். முதல் உருப்படி முடிந்ததும் நிலவிய மௌனத்தை, தமக்கு நேர்ந்த அவமானமாகவே கலைஞர் எடுத்துக்கொண்டார். இரண்டாவதை இரு மடங்கு வேகத்தில் வாசித்தார். மூன்றாவதை எழுந்து நின்று வாசித்தார். கட்டுப்போட்ட காலால் ஒருவர் தாளம் போட்டதில் கட்டு அவிழ்ந்தது.

இனிப் பிறரை நம்பிப் பயனில்லை என்று அலுவலர் முடிவு செய்தார். பாய்லர் ஐயாவின் கூட்டத்தில் தாமே உட்கார்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, எவரையும் கண்ணயர விடாமல் தடுப்பது என்று தீர்மானித்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம்!” என்று உரத்த குரலில் தொடங்கினார். “உப்பு ஏன் படியுது?”

“ரொம்ப நல்ல கேள்வி” என்றார் பாய்லர் ஐயா. பதில் சொல்லத் தொடங்கினார்.

அலுவலர் வீட்டுக்குப் போனபோது காலைச் சூரியன் ஏறியிருந்தது.

“ராத்திரி பூரா எங்க போயிருந்தீங்க?” என்றாள் மனைவி.

“மீட்டிங்.”

“கன்னத்துல தலையணை வரி தெரியுது.”

“முக்கியமான மீட்டிங்.”

“வேலை போயிடுமேன்னு ஒரு மாசமா பொட்டுத் தூக்கம் இல்லாம புரண்டுக்கிட்டிருந்த மனுஷனுக்கு மூஞ்சி இன்னிக்குத்தான் தெளிஞ்சிருக்கு. அந்த மீட்டிங்குக்கு தினமும் போயிட்டு வாங்க” என்றாள் அவள். அவளுக்கு வேறு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆய்வின் முடிவைப் பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கும் விழா கலையரங்கில் ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் அலுவலரே. தம் அரங்குக்கான இரங்கல் கூட்டத்துக்குத் தாமே பூச்சாடி வைப்பது போல அவர் மேடையைச் சீர்செய்தார். ஸ்கேன் இயந்திரத்துக்காகச் சுவரை அளக்க இருவர் வந்து, மரியாதை கருதி விழா முடியும் வரை ஓரமாக நின்றார்கள்.

பெண் மருத்துவர் ஒலிபெருக்கி முன் வந்தார்.

“சோதனை எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி. மருந்தே இல்லாம நோயாளிங்க நல்லாத் தூங்கியிருக்காங்க. நிர்வாகம் ஒத்துக்கிட்டுது. இந்த அரங்கம் இங்கேயே இருக்கும். நிகழ்ச்சி அலுவலரும் இங்கேயே இருப்பார்!”

கைதட்டல் எழுந்தது. அளக்க வந்தவர்கள் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்கள். அலுவலர் மட்டும் கைதட்டவில்லை. பாட்டுக் கேட்ட வார்டில் எவரும் தூங்கவில்லையே! எந்த வார்டில் என்ன நடந்தது என்பதை மருத்துவர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சொன்னால் அரங்கம் போகும். சொல்லாவிட்டால், தவறான மருத்துவ முடிவு ஒன்று தம் பெயரைச் சொல்லி உலகமெங்கும் உலாவும்.

அவர் நேர்மையானவர். இருந்தாலும் நேராக மருத்துவரிடம் போகும் அளவுக்கு அல்ல. பக்கவாட்டில் அமர்ந்திருந்த பாய்லர் ஐயாவின் அருகில் போய்க் குனிந்தார்.

“ஐயா, என்னை மன்னிச்சுக்கோங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு. தூங்கினது உங்க ஆளுங்கதான். பாட்டு ஜெயிச்சுட்டதா டாக்டரம்மா அறிவிச்சுட்டாங்க. உங்க பேச்சை யாரும் தூங்காம கேக்கணும்னு நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், முடியல. இப்ப அவங்ககிட்ட யாரு சொல்றது?”

பாய்லர் ஐயா மேடையைப் பார்த்தபடியே, சற்றும் அவசரப்படாமல், அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“தப்பு ஒண்ணும் நடக்கல தம்பி, பாட்டு சும்மா ஒப்பீட்டுக்கு வெச்சது, அவ சோதிச்சுப் பாத்தது என் பேச்சைத்தான் — பொறந்ததுலேர்ந்து அதைக் கேட்டுத்தானே தூங்கினா, என் மக!”