ஒரு கொம்பியூட்டருக்கு மூன்று காவல்காரர்

கூலிக்கு உப்பு வாரியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை. அப்படிப்பட்டவன் இரண்டு ஏக்கர் உப்பளம் வாங்கினேன். அதைப் பதினாறாக்கினேன். வங்கியில் கதிரைகூடத் தராமல் நிற்கவைத்து அனுப்பிய காலத்தில் லொறி வாங்கினேன். லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசை, பாலாவிச் சந்திக்கு இந்தப் பக்கம் முதன்முதல் போட்டவனும் நான்தான். (தோண்டத் தோண்ட உவர்த்தண்ணீர் ஊறியது. இஞ்சினியர் ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார். தராசு இன்றும் நிற்கிறது, இஞ்சினியரைத்தான் காணோம்.)

இவ்வளவையும் கட்டிய இதே தலைதான் மேசைமேல் இருந்த ஒரு பெட்டியிடம் தோற்றது.

தராசுக்குப் பக்கத்து அறைதான் எங்கள் கந்தோர். அதில் ஒரு பழைய கொம்பியூட்டர். நிறையைப் பதிந்து துண்டு அச்சடித்துக் கொடுப்பது அதன் வேலை. அதை நடத்துபவள் என் மூத்த மகள் ரிஸானா. ஒருநாள் டிரைவர் ஒருவர் எதையோ அச்செடுக்க பென் டிரைவைச் செருகப்போய், அதிலிருந்த வைரஸ் ஒரு வாரத்துத் துண்டுகளைத் தின்றுவிட்டது. ரிஸானா ஒரு அன்டிவைரஸ் போட்டாள். உள்ளே வரும் வைரஸைத் தேடிப் பிடிக்கிற காவல்காரன் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். காவல்காரன் என்ற சொல் காதில் விழுந்ததோடு கொம்பியூட்டர் படிப்பு முழுவதும் எனக்கு வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் உப்புக் குவியலுக்கு ஒரு காவல்காரன் போட்டால், அவனே இரண்டு சாக்கு கொண்டுபோவான். ஆகவே அவனைப் பார்க்க இரண்டாமவன். இரண்டுபேரும் கூட்டுச் சேராமல் பார்க்க மூன்றாமவன். கொம்பியூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு அன்டிவைரஸ் போடச் சொன்னேன். இது சரிவராது ஹாஜியார் என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் போட்டுவிட்டுப் போனார்.

"வாப்பா, ஒண்டு போதும். மூண்டும் ஒண்டோட ஒண்டு சண்ட புடிக்கும்," என்றாள் ரிஸானா.

"புடிக்கட்டும். அப்பத்தான் ஒருத்தனும் தூங்கமாட்டான்."

அடுத்தது நேரம். கொம்பியூட்டர் முழுவதையும் துழாவிப் பார்க்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறதாம். வேலை இல்லாத நேரமாகப் பார்த்து வைப்போம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் உப்பளத்தில் சாக்கு களவு போனதெல்லாம் லொறிகள் நெரிகிற காலைப் பத்து மணிக்குத்தான். கள்ளன் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வருவான் என்று சொல்லி, மூன்றையும் பத்து மணிக்கே வைக்கச் சொன்னேன். (படித்த மகளுக்குப் பாடம் எடுத்த பேரறிஞரைப் பாருங்கள்.)

மறுநாள் கொழும்பு வியாபாரி ஒருவரின் ஒன்பது லொறிகள் வந்தன, அந்தப் போகத்து உப்பு முழுவதையும் எடுக்க. அச்சடித்த துண்டு இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு சாக்கும் இறக்கமாட்டேன் என்பது அவருடைய சட்டம். ஐப்பசி மாதம், மழை எந்நேரமும் விழலாம். குவியலை மூடிய கிடுகுகளைக் கழற்றி ஏற்றத் தொடங்கினோம். மூன்று லொறி போய்விட்டது. நான்காவது லொறி உப்போடு தராசில் ஏறி நிற்கும்போது மணி பத்து.

திரையில் அம்பு அப்படியே நின்றது. பெட்டிக்குள் விசிறி வள்ளத்து எஞ்சின் மாதிரி இரைந்தது. ரிஸானா ஒரு எழுத்தை அழுத்தினால், அது திரைக்கு வருவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன். (லொறி ரேடியோவுக்கு நான் பார்க்கும் வைத்தியம்.) அவள் எப்படியோ ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறு வேலையில் இருந்தது. நினைவகமும் நிறைந்துவிட்டது. துண்டு அடிக்கிற வேலைக்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை.

"முதலாமவன் ஒரு ஃபைலத் தொறக்குறான். அவன் தொறந்தத ரெண்டாமவன் சோதிக்குறான். ரெண்டாமவன் தொட்டத மூண்டாமவன் சோதிக்குறான். வாப்பா, இவங்க வைரஸத் தேடல்ல. ஒருத்தன ஒருத்தன் தேடுறாங்க."

நிறுத்து என்றேன். நிறுத்தச் சொன்ன கட்டளையும் வரிசையின் கடைசியில் போய் நின்றது. மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி போட்டோம். துண்டு அடிக்கிற புரோகிராம் கண் விழிக்கும் முன்னமே அந்த மூன்று பேரும் எழும்பி விட்டார்கள். (சம்பளத்துக்கு வைத்த என் காவல்காரர்களில் ஒருவராவது இப்படி வேலை செய்ததில்லை.)

தராசைத் தாண்டித்தான் உப்பளத்துக்குள் போகலாம், வரலாம். நான்காவது லொறி அதை அடைத்து நிற்க, வெளியே ஐந்து வெறும் லொறிகள் ஹோர்ன் அடித்தன. உப்பளத்துக்குத் தண்ணீர் தரும் களப்புக்கு மேலே வானம் கறுத்தது. குவியல் திறந்து கிடந்தது.

பக்கத்தில் இன்னொரு தராசு இருந்தது. என் மனைவியின் தம்பி ஹனீபாவுடையது. என்னைப் பார்த்துப் போட்டவன். அன்றைக்கே, உன் வளவில் கால் வைக்கமாட்டேன் என்று பள்ளிவாசல் முற்றத்தில் பலர் கேட்கச் சொன்னேன். ஆறு வருடமாக வைக்கவுமில்லை.

முதல் துளி என் வழுக்கையில் விழுந்தது. நடந்தேன்.

ஹனீபா கதிரையை விட்டு எழும்பவில்லை. டிரைவர்கள் எனக்கு முன்னமே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

"வாங்க மச்சான். கொம்பியூட்டருக்கு சொகமில்லையாமே."

"ஆறு லொறி இரிக்கி. நிறுத்துத் தா."

"ஓம், தாறன். எங்கட பெட்டிக்குள்ள காவல்காரன் ஒருத்தன்தான். பரவால்லையா?"

நிறுத்துத் தந்தான், பொய் சொல்லக்கூடாது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அவன் பெயர் இருந்தது. கடைசி லொறிக்கு ஏற்றுமுன் மழை பிடித்துக்கொண்டது. குவியலில் கால்வாசி கரைந்து களப்புக்கே போனது. அந்த வியாபாரி இப்போது ஹனீபாவிடமும் உப்பு வாங்குகிறார்.

அன்று பின்னேரம் ரிஸானா இரண்டு அன்டிவைரஸைக் கழற்றி எறிந்தாள். மிஞ்சிய ஒன்றின் ஸ்கேனை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்துக்கு மாற்றினாள். தராசு பூட்டிக் கிடக்கும், பெட்டி எவ்வளவு மெதுவாக ஓடினாலும் ஒருவருக்கும் தெரியாது. அன்றிலிருந்து கொம்பியூட்டர் பிசகவில்லை. பெருநாளைக்குச் சோற்றுச் சஹன் தட்டு வரப் பிந்தினால், வாப்பாவின் மூன்று காவல்காரரும் குசினிக்குள் உப்புப் பார்க்கிறார்களாம் என்று மருமகன்மார் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை யோசனை யாருடையது? நனைந்த சாரனோடு கந்தோர் வாசலில் நின்று, "எல்லாரும் ஜும்ஆக்குப் போன நேரத்துல இது என்ன கூத்தெண்டாலும் ஆடட்டும்" என்று சொன்னவன் நான். அதைக் கேட்டுத்தான் அவள் நேரம் குறித்தாள். வாப்பா கோபத்தில் கத்தியது அது என்கிறாள். கோபத்தில் வந்தால் யோசனை யோசனை இல்லையா? இன்று எங்கள் வீதியில் நான்கு தராசுகளும் அந்த நேரத்தைத்தான் பிடித்திருக்கின்றன. ஊரெல்லாம் ரிஸானாவைப் புகழ்கிறது. புகழட்டும், என் மகள்தான். ஆனால் நேரம் சொன்னவர் இன்னார் என்று என் பெயரை ஒரு கடதாசியில் எழுதி நான்கு கந்தோரிலும் ஒட்ட வேண்டும். முதலில் ஹனீபாவின் கந்தோரில், அவன் கதிரைக்கு நேர் எதிரே.