பக்கம் திருப்புகிறவன்

"டேய், நான் வேணும்னு ஊத்தலைடா!" என்றாள் அக்கா.

வேண்டும் என்று ஊற்றினாலும் வேண்டாம் என்று ஊற்றினாலும் தேநீருக்கு என்ன தெரியும்? ஒரு டம்ளர் முழுவதும் பதினோராம் பக்கத்தில் நின்றது. மணி எட்டேகால். பதினோரு மணிக்குப் பரீட்சை. பரீட்சை தம்பிக்கு இல்லை. அவனுக்கு இருந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டான்.

பரீட்சை பியானோக்காரிக்கு. பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் கடைசி வருஷம் படிக்கிறாள். நனைந்தது அவளுடைய நோட்ஸ், அதாவது பியானோவுக்கான இசைக்குறிப்புப் புத்தகம். அதிலிருக்கும் பதினான்கு பக்கத்தையும் அவள் மேடையில் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிவிட வேண்டியது இவன் வேலை.

இவன் படிப்பது டபுள் பேஸ். ஆளைவிட உயரமாக நிற்குமே, வயலின் குடும்பத்தின் பெரியப்பா, அதுதான். அதைச் சுமந்து திரிவதால் வகுப்பில் இவனுக்கும் "பெரியப்பா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் பெரியப்பா ஆனவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். பியானோக்காரி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "நீங்க" என்பாள். இவனும் "நீங்க" என்பான். அந்த "ங்க"வை எப்படியாவது உதிர்த்துவிட வேண்டும் என்று இரண்டரை மாதமாக ஏங்கிக்கொண்டிருக்கிறான்.

வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து இந்த வருஷம்தான் மாறி வந்தான். பயிற்சி அறைகளுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்று பெயர்தானே தவிர, ஏழாம் அறையில் தும்மினால் எட்டாம் அறையில் கைக்குட்டை எடுப்பார்கள். எட்டாம் அறையில் அவள் வாசிப்பாள். இவன் ஏழாம் அறையில் வில்லைக் கையில் பிடித்தபடி வாசிக்காமல் நிற்பான். அப்படி ஒரு மாதம் நின்றதில் அந்த மாதத் தேர்வில் இவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஒருநாள் ஏழாம் அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "பக்கம் திருப்ப ஆள் தேவை. எட்டாம் அறையில் கேட்கவும்." ஊரில் உள்ள கதவுகளிலெல்லாம் ஒட்டியிருப்பாள், வேறு எவனாவது முந்திவிடுவான் என்று பயந்து, சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

வேலை சுலபம்தான், ஆனால் இவனுக்கு அல்ல. பியானோ நோட்ஸில் இரண்டு வரிசை இருக்கும். மேல் வரிசை வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு. பேஸ் வாசிக்கிறவனுக்குக் கீழ் வரிசைதான் சரளம். மேல் வரிசை எழுத்துக்கூட்டிப் படிக்கிற கதை. அதனால் அவள் எங்கே வாசிக்கிறாள் என்று பாதி நேரம் தெரியாது.

"எனக்கு மேல் வரிசை அவ்வளவா வராதுங்க," என்று முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டான்.

"பரவாயில்லைங்க. நான் தலையசைக்கும்போது திருப்பிடுங்க."

"அப்ப நான் நோட்ஸைப் பார்க்க வேண்டாமா?"

"என்னைப் பார்த்தா போதும்."

பார்த்தான். பதினான்கு பக்கத்துக்கு முப்பத்தோரு ஒத்திகை. என்ன சிரத்தை, என்ன உழைப்பு என்று வீட்டில் அக்காவிடம் புகழ்ந்து தள்ளினான். பதினோராம் பக்கத்தில் அவளுடைய வலது கை இடது கையைத் தாண்டி, இவன் உட்கார்ந்திருக்கும் பக்கம் வரும். அப்போது ஒதுங்கும் இடது முழங்கை இவன் சட்டையில் உரசும். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட மனம் வராமல் அக்காவிடம் திட்டு வாங்கினான்.

நாளைக் காலை ரயிலில் அவள் போகிறாள். மேல்படிப்பு, இரண்டு வருஷம், தொலைதூரம். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து இரண்டு வாரமாகக் குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்திருந்தான். கண்ணாடிக்கே அலுத்துப் போயிருக்கும்.

இந்த நிலைமையில்தான் தேநீர்.

"அழாதடா. குடு, ரெண்டு நிமிஷத்துல காயவச்சுத் தரேன்," என்றாள் அக்கா. அவள் நர்ஸ். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி சூடாக இருந்தது.

"பேப்பர்க்கா அது!"

"துணியே தாங்குது, பேப்பர் தாங்காதா?"

தாங்கவில்லை. பதினோராம் பக்கத்தின் நடுவில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் பழுப்பு நிறத்தில் பதிந்தது. பின்னால் இருந்த பன்னிரண்டாம் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை.

"ஈரம் போயிடுச்சு பாரு," என்றாள் அக்கா. அவளுக்கு எதிலும் நல்லதைப் பார்க்கும் குணம்.

அதே நேரம் ஃபோனில் செய்தி வந்தது. பியானோக்காரிதான். "சீக்கிரம் வந்துடுங்க. நீங்க இல்லாம மேடை ஏற மாட்டேன்."

இவன் கருகிய பக்கத்தைப் பார்த்தான். என்னை நம்பி இருக்கிறாள், நான் அவள் பரீட்சைக்கு இஸ்திரி போட்டுவிட்டேனே! பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினான். மத்தியானம் வாத்தியக் குழு ஒத்திகை என்பதால் அதையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

நூலகத்து அம்மா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எரிஞ்ச வீட்டுலேருந்து எடுத்தீங்களா?"

"இல்லம்மா, இஸ்திரி. இதே பீஸ் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா உங்களது நீல அட்டை. எங்களது சாம்பல் அட்டை."

"அட்டை எதுவா இருந்தா என்னம்மா? பதினொண்ணு, பன்னெண்டு, ரெண்டு பக்கம் மட்டும் நகல் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். கருகிய தாளைப் பிய்த்துவிட்டுப் புதியதை ஒட்டினான். ஒட்டிய பிறகுதான், தான் ஓர் இசை மாணவன் என்பது நினைவுக்கு வந்து வாசித்துப் பார்த்தான். பத்தாம் பக்கத்தின் முடிவுக்கும் பதினோராம் பக்கத்தின் ஆரம்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாம்பல் அட்டைக்காரர்கள் எழுத்தைப் பெரிதாக அச்சடித்து, பதினான்கு பக்கத்தைப் பதினாறாக இழுத்திருந்தார்கள். அவர்களுடைய பதினோராம் பக்கம் ஆரம்பிப்பது இவளுடைய ஒன்பதாம் பக்கத்தின் பின்பாதியில். இப்படியே மேடைக்குப் போனால் அவள் வாசித்ததையே மறுபடி வாசித்துவிட்டு, வாசிக்க வேண்டியதை விட்டுவிடுவாள்.

"அம்மா, பதினாறு பக்கமும் நகல் எடுத்துடுங்க!"

"மெஷின் பழசு. மேல ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டிடும்."

"வெட்டட்டும்மா. மேல என்ன இருக்கு?"

மேலே பக்க எண் இருந்தது.

அது இவனுக்கு எப்போது தெரிந்தது என்றால், இசைத்துறையின் ஆடுகதவில் பேஸ் சிக்கிக்கொண்டபோது. இவன் உள்ளே, பேஸ் வெளியே, நடுவில் கதவு. ஒரு இழு இழுத்தான். பேஸ் வந்தது. கையிலிருந்த பதினாறு தாளும் மாடிப்படி முழுக்க இறங்கிப் போயின. குனிந்து குனிந்து பொறுக்கி எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் எண் இல்லை.

மணி பத்து நாற்பது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படியில் உட்கார்ந்து அடுக்க ஆரம்பித்தான். முதல் தாளில் தலைப்பு இருந்தது, பிழைத்தது. கடைசித் தாளில் முடிவுக் கோடு இருந்தது, அதுவும் பிழைத்தது. நடுவில் பதினான்கு தாள்.

தனக்குத் தெரிந்த கீழ் வரிசையை வைத்து அடுக்கலாம் என்று பார்த்தான். அந்த இசையை எழுதிய மகானுபாவர் இடது கைக்கு அதே நாலு ஸ்வரத்தைப் பதினான்கு பக்கத்துக்கும் எழுதித் தள்ளியிருந்தார். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாளை வைத்தாலும் பொருந்தியது. மேல் வரிசையை எழுத்துக்கூட்டினான். இரண்டு தாள் முடிவதற்குள் மணி பத்து ஐம்பது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்தபடி அடுக்கி, டேப் போட்டு, நீல அட்டைக்குள் செருகினான்.

மேடையின் பக்கவாட்டில் அவள் நின்றிருந்தாள். அவளுக்கு முந்தைய மாணவன் முடித்துவிட்டுப் போயிருந்தான். டியூனர் பியானோவின் மூடியைத் திறந்து ஒரு சாவியால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாணவனுக்கும் நடுவில் சுருதி பார்ப்பது அவர் வேலை.

"வந்துட்டீங்களா! நான் பயந்தே போயிட்டேன்," என்றாள் அவள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் மறைக்க மனம் வரவில்லை. அடி வாங்கினாலும் இப்போதே வாங்கிவிடுவது மேல்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

அவள் அப்படியே நின்றாள். கழுத்துவரை சிவந்தாள். "சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

"நோட்ஸ்ல ஒரு சின்ன..."

"நோட்ஸா?" அவள் முகம் ஏனோ வாடிவிட்டது. "அதுவா? அப்புறம் பார்த்துக்கலாம்."

"இல்லைங்க, அப்புறம்னா லேட்டாயிடும்..."

உள்ளேயிருந்து அழைத்துவிட்டார்கள். மூன்று தேர்வாளர்கள், மூன்று மூக்குக்கண்ணாடிகள். அவள் வணங்கி உட்கார்ந்தாள். இவன் அவளுக்கு இடப்பக்கம், தூக்கு மேடை ஏறுகிறவன் போல வந்து உட்கார்ந்தான்.

முதல் பக்கம் பழுதில்லாமல் போனது. அவள் தலையசைத்தாள். எழுந்தான், திருப்பினான், உட்கார்ந்தான். இரண்டாம் பக்கத்தில் எது இருந்ததோ அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். அவள் ஒருமுறை தாளைப் பார்த்தாள். அப்புறம் இவனைப் பார்த்தாள். உதட்டைப் பற்களால் அழுத்திக் கடித்துக்கொண்டாள். ஆனால் விரல்கள் நிற்கவில்லை.

ஐயோ, என்னால் கஷ்டப்படுகிறாளே! அடுத்த தலையசைப்பு. திருப்பினான். அங்கே தாள் தலைகீழாக ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் அவள் தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் கோத்துவிட்டது. அழுகிறாள்! பாவி, ஒரு பெண்ணை மேடையில் வைத்து, மூன்று பேர் முன்னால் அழவைத்துவிட்டேனே!

இருந்தும் வாசித்தாள். என்ன வாசிப்பு! முப்பத்தோரு ஒத்திகையிலும் இப்படி அவள் வாசித்ததில்லை. எட்டாம் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட நாட்களெல்லாம் இவனுக்கு ஞாபகம் வந்தன. நாளைக்கு இந்த நேரம் அந்த அறையில் வேறு யாராவது வாசிப்பார்கள். தாளையும் மறந்து, தேர்வாளர்களையும் மறந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் ஒன்றை ஒன்று தாண்டும் இடம் வந்தது. முழங்கை சட்டையில் உரசியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உரசியதாக இவனுக்குத் தோன்றியது. ஆசைக்கு என்னதான் தோன்றாது?

முடிந்தது. மூன்று மூக்குக்கண்ணாடிகளும் கழன்று மேஜைக்கு வந்தன. நடுவில் இருந்தவர் கைதட்டினார். பரீட்சையில் தேர்வாளர் கைதட்டி இவன் கேள்விப்பட்டதே இல்லை.

பக்கவாட்டுக்கு வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"இங்கேயே இருங்க. உள்ள கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். போயிடாதீங்க, என்ன?"

போகாமல்? நின்று வாங்கிக் கட்டிக்கொள்ளவா? அவள் திட்டினாலும் தாங்கிக்கொள்வான். திட்டாமல் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாளானால், அந்த "ங்க"வை இரண்டு வருஷம் எப்படித் தாங்குவது? பதினைந்து நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வார்த்தையை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இப்போது சொல்வது? பேஸைத் தூக்கித் தோளில் மாட்டினான். பின்வாசல் கதவைத் தோளால் தள்ளினான். பேஸ் மறுபடி சிக்கிக்கொண்டது.

"எங்க தம்பி அவசரமா?" டியூனர் வந்து மறுமுனையைப் பிடித்தார். "அந்தப் பொண்ணு உங்களை இருக்கச் சொல்லுச்சே."

"அண்ணே, தள்ளி விடுங்கண்ணே, நான் போயிடறேன். பெரிய தப்பு பண்ணிட்டேன். தாளெல்லாம் தாறுமாறாக் கிடந்துச்சு. ஒண்ணு தலைகீழா வேற இருந்துச்சு. அவங்க எப்படிச் சமாளிச்சு வாசிச்சாங்கன்னே தெரியல. அழுதுட்டாங்கண்ணே!"

டியூனர் கதவைத் தள்ளவில்லை. பேஸை இவன் தோளிலிருந்து இறக்கிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

"நல்ல ஆளுய்யா நீங்க! மூணு வருஷமா நான் இங்க சுருதி பார்க்கிறேன், அந்தப் பொண்ணு ஒரு பரீட்சைக்குக்கூட நோட்ஸ் வச்சு வாசிச்சதில்ல, எல்லாம் மனப்பாடம். இந்தத் தடவைதான் வந்து, 'அண்ணே, எனக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடுங்க'ன்னுச்சு."