ரப்பர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு புகை

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, மறியலில் கைதான என்னைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாம்பார் சாதம் வந்து இறங்கும் நேரம் பார்த்து விடுதலை செய்தது. இரண்டாவது, நான் போராடி வாங்கிய தெருவிளக்கை எதிர்க்கட்சிக்காரர் வாசலில் நட்டது. மூன்றாவது, வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டுக்கு ஜினசேனன் குடிவந்தது.

இவர் கன்னியாகுமரிப் பக்கத்துக் குலசேகரத்திலிருந்து ஈர ரப்பர் ஷீட்டை லாரியில் இறக்குகிறார். அங்கே மழை, இங்கே வெயில். கொல்லையில் கண்ணாடிக் கூரை ஷெட் போட்டு, காயவைத்துத் திருப்பி அனுப்புகிறார். விறகுப் புகை போட்டுத்தான் ரப்பரை உலர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"பகல்ல வெயில், சோலார் ஃபேன். ராத்திரிக்குக் கருங்கல்லு சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். புகையே கிடையாதுங்க, பரசுராமன் சார்" என்றார்.

சிரித்தார் வேறு. சந்தேகம் உறுதியாயிற்று. தினமும் விடியலில் தெருவில் நின்று பார்த்தேன். ஷெட்டுக்குப் பின்னால் புகை!

துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். மனைவி எழிலரசி காபியோடு வந்தாள்.

"சூரியன்னு சொல்லிட்டு விறகு எரிக்கிறான், எழிலு!"

"அவருதானா? நல்லா பாத்தீங்களா?"

"சோலார்னாலே ஏமாத்து வேலை. நீ வெந்நீருக்குக் கேட்டியே, அதே கும்பல்தான். இன்னைக்குப் பேனல் விப்பான், நாளைக்கு வெயிலுக்கு மீட்டர் வெப்பான்."

"அப்போ நீங்க தலைவரா இருக்கிற தெருச் சங்கத்துல தீர்மானம் போடுங்க. பேர் போடாதீங்க, வக்கீல் நோட்டீஸ் வரும். 'எந்த வீட்டில் விறகுப் புகை வருதோ, அந்த வீட்டுக்காரர் பேரைத் தலைவரே எல்லார் முன்னாடியும் வாசிக்கணும். அவர் உடனே சோலாருக்கு மாறணும்'னு பொதுவா எழுதுங்க."

அவன் அளந்த சோலாரை அவனே வாங்க வேண்டும்! என்ன தண்டனை! என்னோடு குடும்பம் நடத்தி இவளுக்கும் அரசியல் வந்துவிட்டதே என்று பூரித்தேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜினசேனனும் கை தூக்கினார். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். அன்றைக்கென்று அதற்கு லீவு விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியலில் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். புகை எழுந்தது.

"திறய்யா ஷெட்டை!"

திறந்தார். ரப்பர் ஷீட்டுகள் தேன் நிறத்தில், துவைத்த வேட்டிபோல வரிசையாகத் தொங்கின. கருங்கல் கதகதவென்றிருந்தது. புகை நாற்றம்கூட இல்லை.

கூட வந்த எதிர்வீட்டுக் காசியம்மாள் ஷெட்டுக்குப் பின்னால் போய், பக்கத்துச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "புகை அந்தாண்ட வருதுப்பா!"

அந்தாண்டை என் கொல்லை. வெந்நீர் குளியலறைக்கு வந்து சேரும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்கிருந்து புறப்படுகிறது என்று நான் விசாரித்ததில்லை. அண்டாவுக்கு அடியில் விறகை ஊதிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, எழிலரசி.

ஊதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "வாசிங்க தலைவரே. காசியம்மாக்காவுக்குக் காது கம்மி. சத்தமா!"

தெருவே சாட்சியாக நின்றது. மைக் இல்லாமல் கலெக்டர் ஆபீஸையே அதிரவைத்த குரலைச் செருமிக்கொண்டு வாசித்தேன்:

"பரசுராமன்."