கோடரிச் சின்னத்துக்குப் பதினோரு ஓட்டு

தேர்தலில் தோற்றவர்கள் நாட்டில் ஏராளம். பேதியாகிப் படுத்து, தன் ஓட்டையே தனக்குப் போட முடியாமல் தோற்ற வேட்பாளர் அநேகமாக நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில், ஆம்பூர் நகராட்சித் தேர்தல். ஜெர்மனியில் காடு, ஆறு என்று பேசுகிற ஒரு கட்சி பார்லிமெண்ட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். அங்கே பார்லிமெண்ட் என்றால் இங்கே ஒரு வார்டு கிடைக்காதா? சுயேச்சையாக நின்றேன். (வயது இருபத்து நாலு. வேலை இல்லை. தாடி இருந்தது.) சின்னத்துக்கு மரம் கேட்டேன். கோடரி கொடுத்தார்கள்.

அப்பா டேனரியில் தோல் ஊறவைக்கிறவர். நான் காலேஜில் படித்ததே அந்தச் சம்பளத்தில்தான். டேனரிக் கழிவு பாலாற்றில் கலந்து, எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. அதில் ஒரு டம்ளர் மொண்டுகொண்டு, தெருமுனையில் ஸ்டூல் மேல் ஏறினேன்.

“கழிவைச் சுத்தம் பண்ணாத டேனரியை எல்லாம் இழுத்து மூடணும்!”

கன்னியம்மா அக்கா முன்னால் வந்தார். அவரும் டேனரியில் வேலை செய்கிறவர்தான்.

“மூடிட்டா தண்ணி நல்லா வரும், சரி. உலையில போட அரிசி எங்கருந்துப்பா வரும்?”

ஜெர்மன்காரர்கள் இதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பத்திரிகையில் போடவில்லை.

“அத மொதல்ல சொல்லுப்பா!”

“இந்த வெஷத்தத்தான் நம்ம புள்ளைங்க குடிக்குதுங்க!” என்று கத்தி, டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தேன். கைதட்டினார்கள். (பொதுவாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.)

ஓட்டுப்பதிவன்று ஆஸ்பத்திரியில் எனக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்தபோது பதினோரு ஓட்டு. அது யார் போட்டதென்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் உனக்குப் போடலடா.”

“தெரியும்ப்பா.”

“நீ சொன்னது நெசம்தான். அதான் பயந்துட்டேன்.”

அதன்பிறகு நான் எந்த ஸ்டூலிலும் ஏறவில்லை. கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடினார்கள். டேனரி நடந்தது. அப்பா வேலைக்குப் போனார்.

எங்கள் வீட்டில் யாராவது இரண்டு தடவைக்கு மேல் கக்கூசுக்கு ஓடினால், “இன்னா, எலெக்ஷனா?” என்று இன்றும் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்பா மட்டும், உயிரோடு இருந்தவரை, அதற்கு ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.