சத்தியசீலன் பிடுங்கிய வயர்

ரோகினிக்கு லோபாக் கிளினிக்கில் வேலை கிடைத்த அன்றே, அவளைப் போகவிடுவதில்லை என்று சத்தியசீலன் முடிவு கட்டிவிட்டான். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறான் என்று ஆலையில் ஒருத்தன் பல்லிளித்தால் போதும், மானம் போய்விடும். போகாதே என்று நேராகச் சொல்லத்தான் ஐயாவுக்குத் தைரியம் இல்லை.

அதனால் பழைய காரின் பின் சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டேங்கிலிருந்து எண்ணெய் மீட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டான். முள் செத்து விழுந்தது. காருக்கு வயசாகிவிட்டது, நடு ரோட்டில், செம்பனைக் காட்டுக்குள் எண்ணெய் தீர்ந்து நின்றால் பொம்பளை நீ என்ன செய்வாய் என்று கேட்டான். தான் மட்டும் காரைக் குலுக்கி, பெரிய டாக்டர் போலக் காதை வைத்துக் கேட்டு அளவு சொல்வான். ரோகினி மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் விசிலடித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஆலைக்குப் போனான்.

அப்புறம்தான் சனியன் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற கார், எண்ணெய் ஸ்டேஷனில் ஊற்ற ஊற்ற வாங்கிக்கொண்டே இருந்தது. ஒழுகுகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாயாண்டி ட்யூப் வைத்து உறிஞ்சுகிறானோ என்று சந்தேகப்பட்டு அவனோடு பேச்சையே நிறுத்தினான். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் குட்டு உடைந்துவிடும்.

ஒரு ஞாயிறு இருவரும் ரந்தாவ் கோயிலுக்குப் போகும் வழியில், கோலா சாவா தாண்டி, கார் இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் செம்பனை. ஈ காக்கா இல்லை.

"அரை டேங்க் இருந்துச்சே" என்றான்.

"இல்லங்க. வெள்ளிக்கிழமையே முள்ளு அடியில இருந்துச்சு."

அவன் மீட்டரில் செத்துக் கிடந்த முள்ளைப் பார்த்தான்.

"ஒர்க்ஷாப் தேவன் அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன். பின் சீட்டைத் தூக்கிப் பாரும்மான்னாரு. வயரு அறுந்து கெடக்கல, யாரோ பிடுங்கி வச்சிருந்தாங்க. நீங்க ஆலைக்குப் போனதும் சொருகிட்டு கிளினிக்குக்குப் போவேன். சாயந்திரம் வந்து பழையபடி பிடுங்கி வச்சிடுவேன். ஒரு மாசமாச்சு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க சொன்னீங்களா?"

கத்தலாம்தான், என்னவென்று கத்துவது? கதவைத் திறந்து இறங்கினான். அவன் சீட்டு சூடு ஆறுவதற்குள் ரோகினி நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னால மேடு வருது," என்றாள், "கொஞ்சம் அழுத்தித் தள்ளுங்க."